ஒரே கண்மாய் மீன், இரண்டு அடுப்பு

ஆனி மாதக் கடைசி. என் கிளினிக்கில் காலைக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். வயது 24, ஐந்தாம் மாதம், மடியில் நான்கு வயது மகன். மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், ஹீமோகுளோபின் 8.6-ஐத் தாண்டவே இல்லை. மலச்சிக்கல், அவ்வப்போது வயிற்றைப் பிசையும் வலி. கர்ப்பிணிகளிடம் அன்றாடம் கேட்கிற தொந்தரவுகள்தான், இரும்பு மாத்திரையே மலச்சிக்கலைத் தரும். மாத்திரையை மாற்றி எழுத ஆரம்பித்தேன். அவர் செல்போனை நீட்டினார்.

"டாக்டரம்மா, பாம்பாத்து மீன்ல ஈயமும் பாதரசமும் இருக்கு, யாரும் சாப்பிடாதீங்கன்னு போட்டிருக்காங்க. எங்க வீட்ல தெனம் மீன்தான். வயித்துப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

வதந்திம்மா, போய்ட்டு வா என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல என் கையில் எந்த ஆதாரமும் இல்லை. மீனை விட்டுவிடு என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அந்த வீட்டில் மலிவாகக் கிடைக்கிற நல்ல புரதம் மீன் ஒன்றுதான். மாமனார் மேலும் இருவரோடு சேர்ந்து கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்திருக்கிறார். விற்றது போக மிஞ்சுவது வீட்டுக்கு வரும்.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் கண்மாய்ப் பெயரும் வேண்டாம். காரைக்குடியிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அது போதும்.

எங்கள் பக்கத்து ஆற்று மீன்

முதலில் அந்தச் செய்தியில் இருந்த பாம்பாறு எது என்று பார்க்க வேண்டியிருந்தது. திருமயம் பக்கம் ஓடிக் கடலுக்குப் போகும் பாம்பாறு எங்களுடையது. கொடைக்கானல் மலையிலிருந்து கும்பக்கரை வழியாக வைகைப் படுகைக்கு இறங்கும் பாம்பாறு வேறு. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-இல் மூடப்பட்டது. அந்தக் கதையில் வருவது மலைப் பாம்பாறு. யாரோ இரண்டையும் ஒன்றாக்கி எங்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

அதற்காக எங்கள் மீன் சுத்தம் என்று ஆகிவிடாது. செட்டிநாட்டில் ஆறு என்பது மழை பெய்தால் சில வாரம் ஓடுவது. மணிமுத்தாறு, தேனாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாமே அப்படித்தான். ஓடுகிற நீர் கண்மாயில் ஏறி நிற்கும், நீரோடு வந்த மீன் அங்கே வளரும். ஆகவே இங்கே ஆற்று மீன் என்று சொல்வதும் பெரும்பாலும் கண்மாய் மீன்தான். வற்றாத ஆறு தன் அழுக்கைக் கடலுக்குத் தள்ளிவிடும். கண்மாய்க்கு அந்த வசதி கிடையாது. வந்தது வண்டலில் தங்கும். கடைத்தெருச் சாக்கடை, பேட்டரிக் கடை வாசல் கழுவிய நீர், சாலை ஓரத்துத் தூசி, சிலை கரைக்கும்போது கரையும் வண்ணம், பாஸ்பேட் உரத்தோடு கொஞ்சம் காட்மியம் என்ற நச்சு உலோகம் என்று வரத்துக்கால் எதை எதைத் தொட்டு வருகிறதோ அதெல்லாம் சேரும்.

இன்னொன்றும் உண்டு. கண்மாய் கோடையில் காய்ந்து, மழையில் நனைகிறது. காற்றில்லாத சேற்றில் கந்தகத்தோடு ஒட்டிக் கரையாமல் கிடக்கும் காட்மியம், சேறு வெடித்துக் காற்றுப் படும்போது கரையத் தொடங்கும். காய்ந்த நிலம் மறுபடி நனையும்போது, அங்கே பாதரசம் இருந்தால், நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக, அதாவது உயிர்களின் உடம்பில் எளிதாக ஏறும் வடிவமாக, மாற்றும் வேகமும் கூடும். எங்கள் நிலமே வருடாவருடம் காய்ந்து நனைகிற நிலம். அதனால்தான் பெரிய தொழிற்சாலை இல்லாத ஊராக இருந்தும் மீனைச் சோதிப்பது வீண் வேலையாக எனக்குத் தோன்றவில்லை.

எந்த உலோகம், மீனின் எந்த இடத்தில்

'மீனில் உலோகம்' என்று மொத்தமாகப் பேசினால் எதுவும் விளங்காது. ஒவ்வொன்றும் மீனுக்குள் போய் உட்காரும் இடம் வேறு.

பாதரசம் சதையில் உட்காரும். சேற்றில் உருவாகும் மீத்தைல் பாதரசம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாசியைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் பொடி மீன், பொடி மீனைத் தின்னும் விரால் என்று ஏற ஏற அளவும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கண்மாயில் பாதரசம் இருந்தால் அதை முதலில் காட்டுவது பெரிய விராலும் வாளையும்தான். ஒரே நீரில் வளர்ந்தாலும் பாசி தின்னும் கெண்டையில் குறைவாக இருக்கும். தோலை உரித்தாலும், புளியில் ஊற வைத்தாலும், எவ்வளவு வறுத்தாலும் போகாது. வறுக்கும்போது ஈரம்தான் வெளியேறுகிறது, பாதரசம் சதையோடு அப்படியே நிற்கிறது.

காரீயத்தின், அதாவது அந்தச் செய்தியில் ஈயம் என்று வந்ததன், குணம் வேறு. அது சுண்ணாம்புச் சத்து மாதிரி நடித்து எலும்பு, செதில், செவுள் பக்கம் போகும். சதையில் குறைவு. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகப் பெருகும் வழக்கமும் அதற்கு இல்லை. இங்கே கவலைப்பட வேண்டியது முள்ளோடு, குடலோடு முழுசாகச் சாப்பிடும் பொடி மீனைப் பற்றி. எங்கள் பக்கம் அது அயிரை. அயிரை சேற்றை மேய்கிற மீன். உயிரோடு வாங்கி வந்து, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு, வயிற்று மண்ணைக் கக்க வைத்து, அப்புறம் உள்பக்கம் சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசிக் கழுவுவார்கள். குழம்பில் மண் கடிபடக் கூடாது என்பதற்காக நம் பாட்டிமார் செய்தது. அதே வேலை குடலில் இருக்கும் வண்டலையும், வண்டலோடு ஒட்டிய உலோகத்தையும் ஓரளவு வெளியேற்றும். எலும்புக்குள் ஏறியதை எடுக்காது. நேரமில்லை என்று செத்த அயிரையை வாங்கி அவசரமாகக் கழுவிப் போடும்போது அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது.

காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். குடலையும் ஈரலையும் எடுத்து எறிந்தால் பெரும்பகுதி போய்விடும். நம் உடம்பிலும் அது போய் உட்காரும் இடம் சிறுநீரகம்தான், அங்கிருந்து பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுக் கரையில் எலும்பு நொறுங்கி 'இத்தாய் இத்தாய்', அதாவது வலிக்குது வலிக்குது, என்று அழுத பெண்களுக்கு வந்தது இந்த காட்மிய நோய். அங்கே முக்கியமான வழி மீன்கூட அல்ல, அந்த ஆற்று நீர் பாய்ந்த வயலின் அரிசி.

வரம்புக்குள் என்றால் என்ன

காரீயத்துக்கு மீனில் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியும், கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவு விதியும் இதையே சொல்கின்றன. சரி, சரியாக 0.3 இருக்கும் மீனை ஒரு கர்ப்பிணி நாளுக்கு 150 கிராம் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 45 மைக்ரோகிராம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு உணவின் வழியாகப் போகும் காரீயத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு நாளுக்கு 8.8 மைக்ரோகிராம்தான். ஐந்து மடங்கு தாண்டிவிட்டது, மீன் என்னவோ சட்டப்படி நல்ல மீன்! காரீயத்துக்கு முன்பு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, இவ்வளவு வரை உடம்பு தாங்கும் என்று ஒரு வாராந்தர அளவு வைத்திருந்தது. 2010-இல் அதை விலக்கிக்கொண்டது. இதற்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்ல ஒரு அளவு கிடைக்கவில்லை என்பதே காரணம்.

மீத்தைல் பாதரசத்துக்கு அதே குழு 2003-இல் வைத்தது, உடல் எடை கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 55 கிலோ பெண்ணுக்கு வாரம் 88. பல நாடுகள் மீனுக்கு வைத்திருக்கும் 0.5 மில்லிகிராம் அளவில் ஒரு விரால் இருந்தால், வாரம் 176 கிராமில் அந்த 88 முடிந்துவிடும். இரண்டு நடுத்தரத் துண்டு, அவ்வளவுதான். 0.1 மட்டுமே இருக்கும் கெண்டை என்றால் 880 கிராம் வரை சாப்பிடலாம்.

இங்கே சுறாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோடெக்ஸ் 2018-இல் சுறாவுக்கு வைத்த மீத்தைல் பாதரச வரம்பு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம். அந்த அளவில் இருக்கும் சுறாவை 55 கிலோ பெண் வாரம் 55 கிராம்தான் சாப்பிடலாம், ஒரு கை புட்டு. சின்னப் பால்சுறாவில் பெரிய சுறாவின் அளவு இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துண்டு போட்டு விற்கும்போது அது எந்தச் சுறா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பிரசவத்துக்கு முன்னால்தான் ஆபத்து அதிகம். மீத்தைல் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். 1956-இல் வெளியே தெரிந்த மினமாட்டா விபரீதத்தில், பெரிய தொந்தரவில்லாமல் இருந்த தாய்மாருக்கு மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. கர்ப்பிணிக்கு ஆசையாகச் சுறா வாங்கி வரும் மாமியார்களிடம் நான் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நான் செய்த தவறு

அந்தப் பெண்ணிடம் ரத்தம் எடுத்து காரீயப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வீட்டில் சாப்பிடும் மீனையும் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் நாலைந்து கெண்டை வந்தது. சுத்தமாக உரசிக் கழுவி, சமைக்கத் தயாராக. அதை அப்படியே ஐஸில் வைத்து, தெரிந்த ஆய்வகத்துக்கு அனுப்பினேன். தோலோடு சேர்த்துச் சோதித்தார்கள். காரீயம் 0.3-ஐத் தாண்டியிருந்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. கண்மாய் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் ஏலம் எடுத்த மூன்று குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். கோடையில் ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கிப் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் வயிற்றுப் பிள்ளை.

ஆய்வக நண்பரிடம் முதலில் கேட்டது, இது ஈர எடையா உலர் எடையா என்று. மீனில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர்த்திப் பொடித்த மீனின் அளவைச் சொன்னால் அது ஈர மீனின் அளவைவிட நாலைந்து மடங்கு பெரிதாகத் தெரியும். சட்ட வரம்போ ஈர மீனுக்கு வைத்தது. ஆய்வுக் கட்டுரைகளில் உலர் எடையில் இருப்பதை எடுத்து ஈர எடை வரம்போடு ஒப்பிட்டு 'வரம்பைவிட ஐந்து மடங்கு' என்று தலைப்புப் போடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். நண்பர் சொன்னது ஈர எடைதான். அந்த வழியில் தப்பிக்க முடியவில்லை.

அடுத்து அவர் என்னைக் கேட்டார்: "மீனை யார் கழுவினது? எதை வச்சுக் கழுவினாங்க?" எனக்குத் தெரியவில்லை.

ரத்தம் சொன்னது

இதற்குள் அந்தப் பெண்ணின் ரத்த முடிவு வந்தது. டெசிலிட்டருக்கு 17 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னபடி 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். வீட்டில் மற்றவர்களையும் வரச் சொன்னேன். கணவர் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். மாமனாருக்கு 34. மகனுக்கு 23. அதே ஊரில் இரண்டு தெரு தள்ளித் தன் பழைய வீட்டில் தனியாக இருக்கும் கணவரின் அப்பத்தாவுக்கு 4.

இந்த நாலு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். அப்பத்தாவுக்குத் தினமும் பேரன் வீட்டிலிருந்து பச்சை மீன் போகும். தானே உரசித் தானே குழம்பு வைப்பார். மீன்தலையைச் சப்பிச் சாப்பிடுவது அவர்தான், அந்தக் குடும்பத்திலேயே அதிகம் மீன் சாப்பிடுவதும் அவர்தான். அந்தப் பையனோ முள்ளுக்குப் பயந்து மீனைத் தொடுவதே இல்லை, தயிர்ச்சோறுதான். மீன்தான் காரணம் என்றால் இந்த இரண்டு எண்ணும் இடம் மாறி இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரே கண்மாய்க்குப் போனேன். வலையிலிருந்து எடுத்த கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை ஒவ்வொன்றையும் அளந்து, எடை போட்டு, கண்மாய்த் தண்ணீரில் அலசி, தனித்தனிப் புதுப் பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தோம். யார் கைச் சாம்பலும் படவில்லை. சாம்பல் என்று அப்போது எனக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன்.

அடுப்படி

கண்மாயிலிருந்து மாமனாரோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் விறகு அடுப்பு. கேஸ் இருக்கிறது, ஆனால் மீன்குழம்பும் வெந்நீரும் விறகில்தான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கரண்டி கிடந்தது. குழி முழுக்கச் சாம்பல் நிறத்தில் பக்குப் படிந்து, விளிம்பில் வெள்ளிபோல ஒரு சொட்டு உறைந்து நின்றது. விரல் நகத்தால் கீறினேன். கீறல் விழுந்தது, பளபளத்தது. அம்மிக்குப் பின்னால் ஒரு சாக்கில் உடைந்த லாரி பேட்டரியின் தகடுகள்.

"இது எதுக்குங்க ஐயா?"

"வலைக்குண்டுக்குத்தாம்மா. வீச்சுவலைக்குக் குண்டு தேஞ்சு போச்சுன்னா, சித்திரையில உருக்கி ஊத்தி வச்சுக்குவேன். கடையில வாங்குனா கட்டுபடி ஆகாது."

"அடுப்புலயா உருக்குறீங்க?"

"ஆமா. ஈயந்தானே. பாத்திரத்துக்கே பூசுறோம்."

அவர் சொன்னதில் பொய்யோ அலட்சியமோ இல்லை. ஈயம் என்ற ஒரே சொல் நம்மிடம் இரண்டு உலோகத்துக்கு ஓடுகிறது. ரசத்துக்கு ஈயச்சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல் என்பதெல்லாம் வெள்ளீயம். பேட்டரியிலும் வலைக்குண்டிலும் இருப்பது காரீயம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். விலை குறைவு என்பதால் ஈயச்சொம்பில் காரீயம் கலப்பதும் நடக்கிறது. புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். ஆனால் இந்த வீட்டில் ஈயச்சொம்பு இல்லை, பித்தளையும் கிடையாது. வலைக்குண்டு மட்டும்தான்.

காரீயம் 327 டிகிரியில் உருகும், விறகு அடுப்புக்கு அது பெரிய சூடே இல்லை. உருக்கும்போது எழும் புகை சுவரிலும் விறகிலும் படிந்தது. பேட்டரித் தகட்டிலிருந்து உதிர்ந்த பொடி தரையில். மேலே மிதந்த பக்கு அடுப்புச் சாம்பலில். அந்தச் சாம்பலை அள்ளி ஒரு சிரட்டையில் வைத்திருந்தார்கள். அதுதான் பாத்திரம் துலக்க. கெண்டையும் கெளுத்தியும் கையில் வழுக்காமல் இருக்க உரசும்போது தொட்டுக்கொள்ளவும் அதுவேதான். எனக்கு வந்த முதல் தூக்குவாளி மீன் இந்தச் சாம்பலில் உரசியது. செதிலுக்கு அடியிலும் துடுப்பு மடிப்பிலும் ஒட்டியதை ஒரு தடவை கழுவினால் போகாது.

அப்பத்தா வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். அவர் அடுப்பில் தென்னை மட்டையும் கருவேலமும் எரிகின்றன, வேறு எதுவும் எரிந்ததில்லை. அதே கண்மாய் மீனை அவரும் சாம்பல் தொட்டுத்தான் உரசுகிறார், அவர் அடுப்புச் சாம்பலில்.

பையன் கையை மடக்கி வைத்திருந்தான். அவன் அம்மா விரித்துக் காட்டினார். உருக்கி ஊற்றும்போது தெறித்து விழுந்த காரீய உருண்டைகள் மூன்று. அவனுக்கு அது கோலிக்குண்டு.

இரண்டாம் முடிவு

கண்மாயில் நேரே எடுத்த மீன்களின் முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. கெண்டை, கெளுத்தி, விரால் மூன்றின் சதையிலும் காரீயம் கருவி அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே. முழுசாக அரைத்த அயிரையில் கொஞ்சம் தெரிந்தது, வரம்புக்கு எட்டாத அளவு. காட்மியம் பொருட்படுத்தும்படி இல்லை. பாதரசம் நாலு மீனிலும் வரம்புக்குள். ஆனால் வரிசை புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. விரால் முதலிடம், கெண்டை கடைசி. ஒரு கண்மாயில் ஒரே ஒரு நாள் எடுத்த சில மீன்கள்தான் இவை. இதை வைத்து செட்டிநாட்டுக் கண்மாய் எல்லாம் சுத்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நானும் சொல்லவில்லை. பட்டணத்துச் சாக்கடை நேரே இறங்கும் கண்மாயில் எடுத்தால் படம் வேறு மாதிரி இருக்கலாம்.

இப்படிச் சோதிப்பதற்கு நாம் எங்கோ வெளியூரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. நீரிலோ ரத்தத்திலோ இருக்கும் துளிக் காரீயத்தை ஒரு மின்முனையில் படியவைத்து, திரும்பக் கரைத்து, அப்போது ஓடும் மின்னோட்டத்தை வைத்து அளப்பது மின்வேதியியலில் பழகிய முறை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடத்தில் காரீய அளவைச் சொல்லும் கையடக்கக் கருவிகள் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. அப்படி ஒன்று எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுற்றி வந்தாலே எவ்வளவோ தெரியவரும்.

செய்தது

காரீயத்தை உறிஞ்சி வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. இந்த அளவுகளுக்கு அவை தேவையில்லை. முதல் மருந்து, வருகிற வழியை அடைப்பது. பேட்டரித் தகடும் கரண்டியும் வீட்டைவிட்டுப் போயின. அடுப்பை இடித்து, அடியில் இருந்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி அள்ளி மூட்டை கட்டினோம். பின்கட்டை விளக்குமாறு போட்டுக் கூட்டக் கூடாது என்று சொன்னேன், கூட்டினால் தூசி எழுந்து மறுபடி படியும். ஈரத்துணியால் துடைப்பதுதான். இதையெல்லாம் செய்தது மாமனாரும் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்த கணவரும். கர்ப்பிணியும் பையனும் அந்த ஒரு வாரம் அப்பத்தா வீட்டில்.

அந்தப் பெண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பு மாத்திரையும், இரண்டும் வேறு வேறு நேரத்தில். இது வெறும் சத்துக்காக மட்டும் கொடுத்தது அல்ல. இரும்புச்சத்து குறைந்த குடல், காரீயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது, ஒரே அளவு காரீயம் அவர்களுக்குக் கூடுதல் கெடுதல் செய்யும். சுண்ணாம்புச் சத்து போதாமல் போனால், கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு கரையும்போது அதில் பல வருடமாகப் பதுங்கியிருந்த காரீயமும் சேர்ந்து இறங்கிப் பிள்ளைக்குப் போகும்.

மீனை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு மீனில் இருக்கிறது. வாரம் 225 முதல் 340 கிராம் வரை, பாதரசம் குறைந்த மீன் என்பது கர்ப்பிணிகளுக்கு அமெரிக்க நிர்வாகங்கள் சொல்லும் அளவு. அதையே எங்கள் ஊர் மீனுக்கு மாற்றிச் சொன்னேன்: கெண்டை, ஜிலேபி, ரோகு சாப்பிடு. விரால் பெரிதாக இருந்தால் மற்றவர்களுக்கு வை. சுறா வேண்டாம். குடலும் செவுளும் சுத்தமாக எடுத்துவிடு. அயிரை உயிரோடு இருந்தால் மட்டும், அதுவும் பாலில் விட்டு.

"அப்ப விரால் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே டாக்டரம்மா?"

அந்தக் கண்மாய் விரால் கெட்டதில்லை என்றேன். பிள்ளை பிறந்து பால் மறந்த பிறகு தாராளமாகச் சாப்பிடலாம், அதுவரை மட்டும் கெண்டைக்கு விட்டுக்கொடு என்றேன்.

பின்தொடர்ந்தது

மூன்று மாதம் கழித்து ஐப்பசியில் மறுபடி ரத்தம் எடுத்தோம். அந்தப் பெண்ணுக்கு 17-லிருந்து 11. பையனுக்கு 23-லிருந்து 15. மாமனாருக்கு 34-லிருந்து 22. ரத்தத்தில் இருக்கும் காரீயம் ஒரு மாதம் போலப் பாதியாகும் என்றாலும், எலும்பிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பதால் எண் அவ்வளவு வேகமாகக் குறையாது. ஹீமோகுளோபின் 10.4-க்கு வந்திருந்தது. கார்த்திகையில் பெண் குழந்தை, 2.7 கிலோ. தொப்புள்கொடி ரத்தத்தில் 8. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் முழுதாக வரவில்லை. சித்திரையிலேயே தெரிந்திருந்தால் அது இன்னும் குறைந்திருக்கும். குழந்தையின் வளர்ச்சியை, தலை நிற்பது முதல் பேச்சு வரை, மாதாமாதம் பார்த்து எழுதி வைக்கிறேன்.

மாமனார் இப்போது வலையில் இரும்புச் சங்கிலி கோத்திருக்கிறார். காரீயக் குண்டு மாதிரி சட்டென்று அடியில் போய் உட்காரவில்லை, வலை அடிக்குப் போவதற்குள் மீன் நழுவிவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். சங்கிலியின் கனத்தைக் கூட்டிப் பார்க்கிறார். தையில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது ஒரு நாள் கிளினிக்குக்கு வந்து, ஊரில் வலை வைத்திருக்கும் வேறு மூன்று வீட்டிலும் இதே மாதிரி உருக்குகிறார்கள், ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னார். நான் சொன்னால் கேட்க மாட்டார்களாம், அவர் சொன்னாலும் அரைமனசாகத்தான் கேட்பார்களாம். அதனால் தன் ரத்தப் பரிசோதனைத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே அந்த மூன்று வீட்டுக்கும் போகிறோம்.